பெயர் வெட்டிய பேய்க்கதைகள்

பாகோஸ், அலெக்சாண்டிரியா
சனிக்கிழமை மதியம்

என் கண்ணுக்கு ஒளியான மகன் ஹைஸமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நிம்மதியான தூக்கத்தையும் தரட்டும். உன் தாய் சுஹைர் எழுதுகிறேன். போனில் நான் அனுப்புகிற செய்திகளுக்கெல்லாம் நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் விழுவதில்லை. படிக்கிறானே, அதுவே போதும் என்று சில நாள் இருந்துவிடுவேன். இன்றைக்குப் போதவில்லை. கீழ்வீட்டு மருமகன் சப்ரி நாளை மறுநாள் குவைத் திரும்புகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும், காயவைத்த முலூகியா கீரை ஒரு பொட்டலத்தையும், கொஞ்சம் பஸ்தர்மா உப்புக்கறியையும் கொடுத்துவிடுகிறேன். எத்தனை சுற்று சுற்றினாலும் பஸ்தர்மாவின் பூண்டு வாசனை நிற்க மாட்டேன் என்கிறது. விமானத்தில் பக்கத்தில் உட்காருகிறவன் சப்ரியைத் திட்டுவான், சப்ரி என்னைத் திட்டுவான். திட்டட்டும்.

இங்கே லிஃப்ட் மறுபடியும் நின்றுவிட்டது. யார் சரிசெய்வது என்று மூன்றாம் மாடிக்காரரும் ஐந்தாம் மாடிக்காரரும் சண்டை போடுகிறார்கள். நடுவில் நான் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். உன் சித்தி இனாஸ் வாரம் ஒரு முறை வந்து, வீடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று கேட்டுவிட்டு, தானே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறாள். வருடா வருடம் குளிர்காலத் தொடக்கத்தில் கடலைக் கூட்டிப் பெருக்குகிற துடைப்பப் புயல் இந்த வருடம் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வந்து பால்கனிக் கதவின் கண்ணாடியை உடைத்துவிட்டது. அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். உன் அறையில் ஒழுகவில்லை.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது. ஷாத்பியில் டிராம் நிற்கும் இடத்துக்கு எதிரே, இனிப்புக்கடை மாடியில் ஒரு இலக்கிய மன்றம் இருக்கிறதே, அவர்கள் புத்தகச் சந்தைக்கு முன்பு ஒரு பரிசு கொடுக்கிறார்கள். திகில் சிறுகதைத் தொகுப்புகளுக்கு. தனிக் கதைக்கு அல்ல, முழுத் தொகுப்புக்கு. வானொலியில் இத்தனை காலம் ராத்திரி நாடகங்களில் ஜனங்களைப் பயமுறுத்தினீர்களே, நீங்கள்தான் நடுவராக வரவேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாள் அது. சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

மகனே, இந்த நாட்டில் பிள்ளைகள் எல்லாரும் பேய்க்கதைதான் எழுதுகிறார்கள் போலிருக்கிறது. மூட்டை மூட்டையாக வந்தது. வாடகை குறைவு என்று ஒருவன் புது வீட்டுக்குக் குடிபோகிறான். அவன் ஏன் போகிறான் என்று நான் முதல் பக்கத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன். பிறகு ஒரு பொம்மை, ஒரு கண்ணாடி, இமைக்காத பூனை, ஜின்னுக்கு வாழ்க்கைப்பட்ட பெண், பிணவறைக் காவலாளி. பிணவறைக் காவலாளிகள் மட்டும் ஒரு படை திரட்டும் அளவுக்கு இருந்தார்கள். முதல் வாரம் பயமாக இருந்தது. இரண்டாம் வாரம் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. ஒருவனுடைய தலை துண்டாகி உருளும்போது நான் எழுந்து போய் அடுப்பில் அவரை வெந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவேன். சோர்வென்றால் அப்படி ஒரு சோர்வு.

தொகுப்பு போடுகிறவர்களின் தந்திரங்கள் எல்லாம் எனக்கு இப்போது அத்துப்படி. நல்ல கதையை முதலில் வைப்பார்கள். அதற்கடுத்த நல்லதைக் கடைசியில். தொகுப்பாசிரியரின் மைத்துனன் எழுதியதை நடுவில் புதைப்பார்கள், யாரும் அதுவரை வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். நான் நடுவிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். நடுப்பகுதி தாங்கினால் அந்தப் புத்தகம் தாங்கும். மற்ற இரண்டு நடுவர்களும் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அவர்களையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் டாக்டர் மக்ரம், பிரேதப் பரிசோதனை செய்து ஓய்வு பெற்றவர். ஓரங்களில் பென்சிலால் திருத்திக்கொண்டே வருவார்: இறந்த உடம்பு இப்படி விறைக்காது, இரத்தம் இவ்வளவு நேரம் திரவமாக இருக்காது. இன்னொருத்தி நெர்மீன். அவளே திகில் நாவல் எழுதுகிறவள், அவளைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பெண்கள் டிராமிலிருந்து இறங்கி ஓடிவந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டிக்காரி, ஆனால் பேசிக்கொண்டே இருப்பாள்.

மன்றத்துக்கு ஒரு விதி உண்டு. எழுதியவர்களின் பெயரும் முன்னுரையும் வெட்டப்பட்டு, வெறும் தாள்களாகக் கயிறு கட்டித்தான் எங்களுக்கு வரும். ஒரு கதை இன்னாருடையது என்று நடுவர் யாருக்காவது தெரிந்துவிட்டால், உடனே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அந்தத் தொகுப்பையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஒருத்தருக்காக அதில் எழுதிய மற்றவர்கள் எல்லாரும் வெளியே. கடுமையான விதிதான், ஆனால் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் உறவாக இருக்கிற ஊரில் வேறு என்ன செய்வது. நாங்கள் மூவரும் கையெழுத்துப் போட்டுத்தான் தாள்களை வாங்கினோம்.

'கதவுக்கு அந்தப் பக்கம்' என்று ஒரு தொகுப்பு. வழக்கம்போல நடுவிலிருந்து எடுத்தேன். 'வெள்ளிக்கிழமை' என்று ஒரு கதை. வெளிநாட்டில் வேலை செய்கிற ஒரு பையன் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டுக்குப் போன் செய்கிறான். அப்பா எங்கே என்று கேட்கிறான். குளிக்கிறார் என்கிறாள் தாய். அடுத்த வாரம், தூங்குகிறார். அடுத்த வாரம், முடி வெட்டப் போயிருக்கிறார். மறுபடியும், குளிக்கிறார். பையனுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று தாய் குளியலறைக் குழாயைத் திறந்துவிடுகிறாள். தண்ணீர் விழுகிற சத்தம் போனில் கேட்கிறது. அப்பாவுக்கு சலாம் சொல்லு என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிடுகிறான்.

ஹைஸம், அந்த இடத்தில் நான் தாளைக் கீழே வைத்துவிட்டேன். குழாயைத் திறந்துவிட்டது நான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் சித்தியிடம்கூட. அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கக் கூடிய ஒரே ஆள் நீதான்.

கதையின் முடிவையும் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தாய்க்குப் பதிலாகத் தகப்பனே போனை எடுக்கிறார். "குளிர்காலத்துலேருந்து உள்ளயே இருக்கேன்பா. விரல் எல்லாம் ஊறிப்போச்சு. நீ கேக்கற ஒவ்வொரு தடவையும் உங்கம்மா என்னை இங்க அனுப்பிடறா. கதவைத் திறக்கச் சொல்லு" என்கிறார். அவ்வளவுதான் கதை. இரத்தம் இல்லை, நகம் இல்லை, அலறல் இல்லை. அடுப்பில் சோறு தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு உடம்பு அசைந்தது. கூடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் எழுந்து குளியலறைப் பக்கம் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ வேலையில் சேர்ந்து நிலைப்பதற்குள் திரும்பி வந்தால் விசாவே போய்விடும் என்றுதான் அப்பா இறந்ததைச் சொல்லாமல் இருந்தோம். அது உனக்குத் தெரியும். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் நாற்பதாம் நாளுக்கு ஃபேஸ்புக்கில் துக்கம் தெரிவிக்கப் போய் நீ அறிந்ததும் தெரிந்த கதைதான். அப்புறம் வந்தாய், அப்பாவை அடக்கிய கப்ரைப் பார்த்தாய், இந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்காமல் போனாய். வாசலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டாய். "நாப்பது நாளா நான் யாருக்கும்மா சலாம் சொல்லிட்டு இருந்தேன்?" என்றாய். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துப் பேசினேனே, அதற்கு இதுதானா கூலி என்று நினைத்தேன். இந்தக் கதையைப் படித்தபோதுதான் போனின் அந்த முனையில் நான் உட்கார்ந்து பார்த்தேன். நான் காதில் வாங்காததை நீ பேய்க்கதையாக எழுதி, பெயரை வெட்டி, நான் நடுவராக இருக்கிற இடத்துக்கே அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்தேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உன்னால் நினைத்துப் பார்க்க முடியாது. என்னைப் பேயாகத்தான் எழுதியிருக்கிறான், எழுதட்டும், எனக்குத்தானே எழுதியிருக்கிறான்! அன்று சாயங்காலம் இறங்கிப் போய் பஸ்பூசா இனிப்பு வாங்கி வந்து தனியாக உட்கார்ந்து தின்றேன். உனக்கு எழுத வரும் என்றே எனக்குத் தெரியாதே என்று சுவரிடம் சொன்னேன்.

விதிப்படி நான் மன்றத்தில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் உன் கதையும் போகும், கூட எழுதியவர்களின் கதைகளும் போகும். அதைவிட, நீ பேசிய ஒரே பேச்சை நானே எழுந்து நின்று வெளியே தள்ளியதாகிவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

இறுதிக் கூட்டத்தில் நெர்மீன் 'கிணற்றின் உதடுகள்' என்ற தொகுப்புக்காகக் கொடி பிடித்தாள். உண்மையில் அதுதான் நல்ல புத்தகம். முதலிலிருந்து கடைசிவரை தரம் இறங்காதது, நடுப்பகுதியும் தாங்கியது. டாக்டர் மக்ரம் இந்த வருடம் யாருக்குமே கொடுக்க வேண்டாம் என்றார். பிணங்களைப் பற்றி ஒரு பயலுக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது அவர் கட்சி. நான் 'கதவுக்கு அந்தப் பக்கம்' என்றேன். அதில் 'வெள்ளிக்கிழமை' தவிர மற்றவை எல்லாம் சுமார்தானே என்று நெர்மீன் மடக்கினாள். வானொலியில் கற்ற வாய் எதற்கு இருக்கிறது? சுமார் கதைகள் அந்த ஒரு கதைக்குப் போகும் தாழ்வாரம் என்றேன். பொம்மைக் கதையில்கூட ஒரு அடக்கம் இருக்கிறது என்றேன். அந்தப் பொம்மைக் கதைக்கு நானே முதலில் போட்ட மதிப்பெண்ணை டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை. அழுதுவிடுவேன் என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ, கடைசியில் என் பக்கம் சாய்ந்தார். நெர்மீன் தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு செயலர் பெயர்ப் பட்டியல் இருந்த உறையைப் பிரித்து வாசித்தார். 'வெள்ளிக்கிழமை', ஷுரூக் அப்துல் மவ்லா, தமன்ஹூர், பல் மருத்துவம் படிக்கும் மாணவி.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ஹைஸம் என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வாய் வரை வந்தது. பட்டியலை வாங்கி நானே மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். நீ எங்கேயும் இல்லை. புனைபெயராக இருக்கலாம் என்று ஒரு வாரம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பரிசு கொடுத்த அன்று அந்தப் பெண் வந்திருந்தாள், தாயையும் கூட்டிக்கொண்டு. மெலிந்த உடம்பு, பெரிய பல், சிரித்த முகம். இந்தக் கதை உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டேன்.

"எங்கேருந்து கிடைக்கும் ஆன்ட்டி, எங்க வீட்லேருந்துதான்" என்றாள். "அண்ணன் லிபியாவுல இருந்தான். அப்பா போனதை அவன்கிட்ட சொல்லல. அவன் போன் பண்ணா அம்மா பைப்பைத் திறந்துவிடுவாங்க. நான் பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு அப்பா மாதிரி இருமணும். அதுதான் எனக்கு வேலை. நல்லா இருமுவேன்."

சொல்லிவிட்டு எனக்காக ஒரு முறை இருமியும் காட்டினாள். கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு இருமுகிற இருமல். பக்கத்தில் கையில் தட்டோடு நின்ற அவளுடைய தாய் தரையைப் பார்த்தாள். நெர்மீன் பின்னாலிருந்து, தன் பெரியம்மா வீட்டிலும் இதே குழாய்க் கதைதான் நடந்தது, அங்கே ஆறு மாதம் ஓட்டினார்கள் என்று சிரித்தாள். செயலர் தன் மாமா கதையைச் சொல்ல ஆரம்பித்தார். நான் மட்டும் செய்தேன், நீ மட்டும் கேட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம், மகனே, இந்த நாட்டில் பாதி வீடுகளில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

அண்ணன் மன்னித்தானா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அது கேட்க வேண்டிய கேள்வி இல்லை, ஆனாலும் கேட்டேன். "மன்னிச்சானான்னு தெரியல ஆன்ட்டி. ஆனா போன் பண்றான்" என்றாள்.

நான் நீயென்று நினைத்து அழுத அழுகையெல்லாம் தமன்ஹூரில் ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் நல்ல பெண், அவளுக்குப் பரிசு கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. 'கிணற்றின் உதடுகள்' எழுதிய பிள்ளைகளை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. அன்று படியிறங்கும்போது டாக்டர் மக்ரமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் நின்று நிதானமாகக் கேட்டார்.

"தெரிஞ்சவன்னு நெனச்சு மறைச்சீங்க, தெரியாதவளா போயிட்டா. இந்தக் குத்தத்துக்கு எந்தச் சட்டத்துலயும் பேர் கிடையாது மேடம். வீட்டுக்குப் போங்க" என்றார். அப்புறம் என் பையை வாங்கிக்கொண்டு, இடது கையை ஏன் இப்படி ஒட்டியே வைத்திருக்கிறீர்கள், கூட்டம் நடந்த நாளிலிருந்து பார்க்கிறேன் என்றார். தூக்கம் சரியில்லை, தாள் கட்டைத் தூக்கித் தூக்கி வலி என்றேன். "என்கிட்ட வந்தவங்க யாரும் வலிக்குதுன்னு சொன்னதில்ல, அதனால வலியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. உயிரோட இருக்கறவங்களைப் பாக்கற டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் முகம் விளையாடவில்லை.

போனேன். மார்பில் கட்டி இருக்கிறது, ஹைஸம். ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். புற்றுநோய். நம் ஜனங்கள் யாரும் இந்தப் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், உன் சித்தி 'அது' என்றுதான் சொல்கிறாள். நான் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன். ரமலானுக்கு முன்னால் அறுவை சிகிச்சை. சீக்கிரம் பார்த்துவிட்டோம் என்கிறார் ஆஸ்பத்திரி டாக்டர். அவர் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது எல்லாம் உனக்கும் இப்போது தெரியும்.

இனாஸிடம் உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நல்லதானாலும் கெட்டதானாலும், அந்த மணி நேரத்திலேயே அவனுக்குச் சொல்லிவிடு என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவள் அழுதாள். "தூரத்துல தனியா இருக்கற புள்ளைய எதுக்குக்கா பயமுறுத்தற?" என்று கேட்டாள். பயப்படட்டும் என்றேன். எனக்காகப் பயப்பட அவனை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றேன்.

வரச் சொல்லி எழுதவில்லை. விடுப்பு கிடைக்குமா, வர மனம் இருக்குமா, அதெல்லாம் நீதான் பார்க்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஏசியைத் தலைக்கு நேராக வைத்துக்கொண்டு தூங்காதே. அல்லாஹ் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கட்டும், உன் வாழ்வாதாரத்தை விரிவாக்கட்டும், உனக்கு என்னால் ஏற்பட்ட மனக்கஷ்டத்தை அவனே ஆற்றட்டும்.

ஒரே ஒரு தடவை போன் செய், மகனே. அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேள். உள்ளதைச் சொல்கிறேன்.

உனக்காக துஆ செய்துகொண்டிருக்கும்
உன் தாய்,
சுஹைர்